ஐஎல்-6 வில்லனாம், யார் சொன்னது?

முகில்77: செல்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்ப விடற புரதம் தான் ஐஎல்-6. நேத்து ஒருத்தர் அதைப் பத்தி எழுதிட்டுப் போயிருக்காங்க, "ஐஎல்-6 தான் எல்லா நோய்க்கும் வேர், அதை அடைச்சுட்டா போதும்"னு. படிச்சதுமே எரிச்சல். மாரத்தான் ஓடி முடிச்சவன் ரத்தத்துல அது நூறு மடங்கு வரைக்கும் ஏறும், தசையே விடுது. அவன் என்ன ஐசியூவுலயா கிடக்கான்?

செல்வி_லேப்: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாமே. 2021 ரெகவரி ட்ரயல்னு ஒரு மருந்துச் சோதனை, 4116 கோவிட் பேஷன்ட். ஐஎல்-6 வந்து ஒட்டற ரிசெப்டர் புரதத்தை அடைக்கற டோசிலிஸுமாப் மருந்து குடுத்தவங்கள்ல இறப்பு 31 சதவீதம், குடுக்காதவங்கள்ல 35. ஐஎல்-6 அவ்வளவு நல்லவன்னா அதோட ரிசெப்டரை அடைச்சதும் ஏன் ஆளுங்க பொழைக்கிறாங்க?

முகில்77: ஆக்சிஜன் குறைஞ்சு, சிஆர்பி (ரத்தத்துல அழற்சியைக் காட்டற புரதம்) 75க்கு மேல போனவங்க அவங்க, முக்கால்வாசிப் பேருக்கு மேல ஸ்டீராய்டும் ஓடிட்டு இருந்துச்சு, அதை மட்டும் வசதியா முழுங்கிட்டீங்க பாருங்க. அந்த மருந்து லேபிள்லயே டீபி உட்பட சீரியஸ் இன்ஃபெக்‌ஷன் வரலாம்னு கட்டம் கட்டி எச்சரிக்கை இருக்கு. சிஆர்பியை லிவர் செய்யறதே ஐஎல்-6 சொல்லித்தான், அதை அடைச்சா உள்ள கிருமி இருந்தாலும் ரிப்போர்ட்ல சிஆர்பி ஏறாது. நூறு மடங்குக்கு பதில் எங்க?

செல்வி_லேப்: ஓடறவனுக்கு சில மணி நேரத்துல இறங்கிடும். மூட்டுவாதக்காரங்களுக்கு வருஷக்கணக்கா இறங்காது. ரெண்டும் ஒண்ணா?

முகில்77: அதைத்தானே நானும் கேக்கறேன்! ஓடினா பின்னாடியே அழற்சியைத் தணிக்கற ஐஎல்-10 ஏறி, அழற்சியைக் கிளப்பற டிஎன்எஃப் அடங்குது. நூறு மடங்கு மேடம், நூறு.

ரவி: ரெண்டு பேரும் ரிசெப்டர் எங்க இருக்குன்னே பேசலையே. செல் மேல ஒட்டியிருக்கறது வேற, கழண்டு ரத்தத்துல மிதக்கறது வேற. மிதக்கறதோட ஐஎல்-6 சேர்ந்தா ஜிபி130ங்கற சிக்னல் கடத்தற புரதம் இருக்கற எந்த செல்லுக்குள்ளயும், மரபணுக்களை இயக்கற ஸ்டாட்3 புரதத்தை கிளப்பி விடும், அதுல தான்...

முகில்77: ரவி, நடுவுல வந்து கிளாஸ் எடுக்காதீங்க. போன மாசம் வைட்டமின் டி பேச்சுலயும் இப்படித்தான் குழப்பிட்டு காணாம போனீங்க.

ரவி: காணாம போகல, நீங்க தான் என் கமென்ட்டை ரிப்போர்ட் பண்ணி தூக்க வச்சீங்க.

செல்வி_லேப்: அட, அது இவர் வேலை தானா? என்னோடதும் அன்னைக்கு தான் போச்சு.

முகில்77: ஆதாரம் இருக்கா? சும்மா பழி போடாதீங்க. நூறு மடங்குன்னு கேட்டு ஒரு மணி நேரமாச்சு, இன்னும் ஒருத்தர் வாய் திறக்கல.

செல்வி_லேப்: ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, போடவா?