நாக் மாதா கோவில், பக்கத்து விமான நிலையம்: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

கால்வே_நர்ஸ்

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், 1879இல் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லும் நாக் கோவிலின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2017 ஆகஸ்ட், நவநாள் சமயம். தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். கோவிலுக்குப் போய்விட்டு, அங்கிருந்து 20 கிலோமீட்டரில் இருக்கும் விமான நிலையத்தில் இங்கிலாந்தின் லூட்டனுக்கு விமானம் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். இரண்டு பேருக்கும் கைப்பை மட்டும்தான்.

வரிசையாக இருக்கும் தீர்த்தக் குழாய்களில் அம்மா ஒரு புட்டி நிரப்பிக்கொண்டார்கள். மாதா உருவத்தில், நீலக் கிரீடம்தான் மூடியாக இருக்குமே, அந்தப் புட்டி. பேரப்பிள்ளைகளுக்கு என்று புடவையில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது. சோதனையில் எடுத்து மேசைமேல் வைத்தார்கள். 100 மில்லிக்கு மேல் அனுமதி இல்லை. அந்த அதிகாரி ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். ஊற்றிவிடுகிறீர்களா, நாங்கள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

நான் சொன்னதுதான் உறுத்துகிறது. "குழாய்த் தண்ணிதானம்மா, விடுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கிரீடத்தைத் திருகித் திறந்தார்கள். உள்ளங்கையில் ஊற்றி என் நெற்றியில் வைத்தார்கள். தனக்கும் வைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார்கள். அப்போது பின்னால் நின்ற ஐரிஷ் பாட்டி ஒருவர் கையை நீட்டினார். அம்மா அவருக்கும் ஊற்றினார்கள். பாட்டி குனிந்து ஏதோ செய்தார், ஷூ கழற்றுகிறார் என்று நினைத்தேன். அதிகாரி அவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவசரப்பட்டது நான் ஒருத்திதான்.

லூட்டன்_வாசி

நர்ஸ் அக்கா, அதே லூட்டன்–நாக் விமானத்தில் எனக்கும் ஒன்று. நவம்பர் மாதம், மாலை நேரம். சக்கரம் இறங்கிய சத்தம் கேட்டது. ஜன்னலில் ஒரு நொடி மஞ்சள் விளக்குகள். அப்புறம் இஞ்சின் உறுமி விமானம் மறுபடி மேலே போய்விட்டது. மூடுபனி. அந்த ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரத்தில் மலைமேல் இருக்கிறது, மேகமே வந்து உட்கார்ந்துவிடும். ஷானன் விமான நிலையத்துக்குத் திருப்புகிறோம் என்று விமானி சொன்னார்.

யாரும் கத்தவில்லை. முன் வரிசைப் பெண்கள் இரண்டு பேர் ஜெபமாலையை எடுத்தார்கள். என் பக்கத்தில் எண்பது வயது இருக்கும் ஒரு மேயோக்காரர். விளக்குகள் தெரிந்த அந்த நொடியில் கண்ணாடியில் கையை வைத்தவர் ஷானன் வரைக்கும் எடுக்கவே இல்லை.

பதினேழு வயதில் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனவராம். ரயிலில் டப்ளின், அப்புறம் இரவுக் கப்பலில் ஹோலிஹெட், மறுபடி ரயில். அப்பா இறந்த தந்தி கிடைத்துக் கிளம்பி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அம்மா இறந்தபோது இந்த விமான நிலையம் வந்துவிட்டது. "அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் இருந்தேன்" என்றார். கோவிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த நிலையம் யாத்ரீகர்களுக்காகக் கட்டியது என்று நாம் சொல்கிறோம். எனக்கு அது ஊரைவிட்டுப் போன பிள்ளைகளுக்காகக் கட்டியதாகத்தான் படுகிறது.

பழைய_பங்குவாசி

லூட்டன் தம்பி, இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியாது. கட்டியவரே பங்குச்சாமியார். மான்சிஞ்ஞோர் ஜேம்ஸ் ஹோரன் 1967இல் நாக் பங்குச்சாமியார் ஆனவர். அதற்கு முன்பு இருந்த ஊர் ஒன்றில் இளைஞர்களுக்காக நடன அரங்கம் கட்டியவர். நாக்கில் பெரிய கோவில் 1976இல் எழும்பியது. காட்சியின் நூற்றாண்டுக்கு, 1979 செப்டம்பர் 30 அன்று போப் இரண்டாம் ஜான்பால் வந்தார். அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் விமான நிலையத்துக்கு வேகம் பிடித்தது.

ஆனால் அவர் மனத்தில் இருந்தது யாத்ரீகர்கள் மட்டும் இல்லை. மேயோ மாவட்டமே கப்பலேறிக் காலியாகிக்கொண்டிருந்தது. சாலை மோசம், தொழிற்சாலை இல்லை, யாரும் முதலீடு செய்ய வரமாட்டார்கள். சார்ல்ஸ்டவுன் பக்கத்து மலையில் 1981இல் வேலை தொடங்கியது. பனிமூட்டமும் சதுப்பும்தான் அங்கே இருக்கிறது என்று டப்ளினில் பேசினார்கள். பெரிய ஜெட் இறங்கும் நீளத்துக்கு, 2,300 மீட்டர் ஓடுதளம் போட்டார். நடுவில் ஆட்சி மாறி அரசுப் பணம் நின்றது. கையில் காசு இல்லை என்று தொலைக்காட்சிக் கேமரா முன்னாலேயே சொன்ன மனிதர் அவர். மிச்சத்துக்குக் குலுக்கல் சீட்டு விற்றார், அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க் கையேந்தினார்.

1985 அக்டோபர் 25 அன்று முதல் மூன்று விமானங்கள் ரோமாபுரிக்குப் பறந்தன. முறையான திறப்பு விழா 1986 மே 30. பலர் இந்த இரண்டு தேதியையும் குழப்பிக்கொள்கிறார்கள். திறப்பு முடிந்து இரண்டு மாதம்தான், ஆகஸ்ட் 1 அன்று லூர்து யாத்திரையில் இருந்தபோது இறந்துபோனார். உடல் வந்து இறங்கியது அவர் கட்டிய அதே ஓடுதளத்தில்.

என் அனுபவம் சின்னதுதான். நிலையத்து வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. என்னை இறக்கிவிட்ட டாக்சிக்காரர் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, போகும் வழியில் சிலைப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டிவிட்டுப் போனார். தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் ஆட்டுவோமே, அப்படி.

மன்னார்_பொடியன்

விமான நிலையத்தை விட்டுக் கோவிலுக்கு வருவம். நான் லண்டனில் இருந்து போனது 2014. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. 2009க்குப் பிறகு அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மடு மாதாவிடம் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா. நான் இங்கே கேட்பம் என்று போனேன்.

காட்சி தெரிந்த சுவரோடு சேர்த்துக் கட்டிய கண்ணாடிக் கூடத்துக்குள்ளே இருந்தேன். வெள்ளைச் சலவைக்கல்லில் மாதா, ஒரு பக்கம் சூசையப்பர், மறுபக்கம் அருளப்பர், தள்ளிப் பீடத்தில் செம்மறியும் சிலுவையும். 1879 ஆகஸ்ட் 21 இரவு, கொட்டும் மழையில் 15 பேர் இரண்டு மணித்தியாலம் அளவில் நின்று பார்த்த அதே சுவர். லூர்தில் பெர்னதெத் என்ற பிள்ளையிடம் மாதா கதைத்தா. பாத்திமாவில் பிள்ளைகளோடு கதைத்தா. இங்கே ஒரு சொல்லும் இல்லை. ஆரும் ஒன்றும் சொல்லவில்லை.

கண்டவர்களில் பிரிஜெட் டிரெஞ்ச் என்று 75 வயதுக் கிழவி. ஓடிப்போய் மாதாவின் காலைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தா. கைக்குள் ஒன்றும் அகப்படவில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்கிறா, கைக்கு இல்லை. நிலம் மட்டும் காய்ந்து கிடந்தது என்று சாட்சி சொன்னா.

எனக்கு அந்தக் கைதான் மனதை விட்டுப் போகுதில்லை. வெளிச் சுவரில் பழைய சுவரின் கற்கள் சிலவற்றை ஆட்கள் தொடுகிறதுக்கு என்று வைத்திருக்கிறார்கள், தொட்டுத் தொட்டு வழவழப்பாகிவிட்டது. நான் கையை வைத்தேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அப்படியே நின்றுவிட்டு வந்தேன். ஏன் கேட்கவில்லை என்று இண்டைக்கும் யோசிக்கிறேன்.

சந்தேகம்_உள்ளவன்

பொடியன், உங்கள் வேதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்சி, விளக்கொளியில் சுவரில் படம் காட்டும் கருவியின் வேலை, மேஜிக் லாந்தர், என்று அந்தக் காலத்திலேயே ஒரு பேச்சு உண்டு. எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

நான் போனது 2018 ஆகஸ்ட் 26, போப் பிரான்சிஸ் வந்த அன்று. மழையில் 45,000 பேர். கண்ணாடிக் கூடத்துக்குள் அவர் பேசாமல் உட்கார்ந்து ஜெபித்ததைத் திரையில் பார்த்தோம். வெளியே வந்து, திருச்சபை ஆட்களால் சீரழிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். என் முன்னால் நின்ற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அதைக் கேட்டதும் திரும்பிக் கூட்டத்துக்கு எதிராக நடந்து வெளியே போனார். அழவில்லை, கோபமும் முகத்தில் இல்லை. மன்னிப்பை ஏற்றுக்கொண்டு போனாரா, மறுத்துவிட்டுப் போனாரா? மேடையை நான் மறந்துவிட்டேன், அவர் முதுகை மறக்க முடியவில்லை.

பழைய_பங்குவாசி

லாந்தர் பேச்சுக்கு ஒரு பதில்: அரை மைல் தள்ளி வயலில் நின்ற விவசாயி ஒருவரும் அந்தச் சுவரில் பெரிய பொன்னிற ஒளி உருண்டையைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். அவருக்கு யார் படம் காட்டியது? 1879இலும் 1936இலும் இரண்டு தடவை விசாரணை வைத்தார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், ஆனால் சாட்சிகளைப் பொய்யர்கள் ஆக்க வேண்டாம். அது பட்டினி வருடம். அதே மேயோவில் ஐந்து நாளுக்கு முன்புதான் குத்தகைக்காரர்கள் நிலச்சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். பசியில் இருந்த ஜனம் மழையில் நின்று பார்த்தது.

யாத்திரை_உதவி

நானும் ஒரு தடவை போனேன், நல்ல மழை, பூசை கிடைத்தது. போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து விசா வைத்திருந்தாலே அயர்லாந்துக்குப் போகலாம் என்று இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு நாடு, வேறு விசா. வருகையாளர் விசாவில் இரண்டு நாடும் சேர்ந்த கூட்டுத் திட்டத்தின் குறிப்பு இருந்தால்தான் ஒன்றிலேயே இரண்டுக்கும் போகலாம். பெற்றோரைக் கூட்டி வருகிறவர்கள் விசாவைப் படித்துப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். டப்ளினிலிருந்து ரயிலில் வந்தால் கிளேர்மோரிஸில் இறங்க வேண்டும். கால்வேயிலிருந்து ஸ்லைகோ பக்கம் போகும் பேருந்து கோவில், விமான நிலையம் இரண்டிலும் நிற்கும், ஆனால் அடிக்கடி கிடையாது. நான் போனபோது கிளம்பும் பயணிகள் சோதனைக்கு முன்னால் 10 யூரோ மேம்பாட்டுக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது, வங்கி அட்டையைக் கையில் வைத்திருங்கள். குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். ஆகஸ்ட் 14 முதல் 22 வரை நவநாள் கூட்டம், வயதானவர்களுக்கு மே மாதம் நல்லது. ஒப்புரவுக்கென்றே, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, தனிக் கோவில் இருக்கிறது, வருடக்கணக்கில் விட்டவர்கள் தயங்காமல் போங்கள். பெரிய கோவிலுக்குள் காட்சியை வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் சுவர் நிறையச் செய்து வைத்திருக்கிறார்கள், அவசரமாக வெளியே வந்துவிடாதீர்கள். தீர்த்தத்துக்கு 100 மில்லிக்குள் சின்னப் புட்டிகளாகவே வாங்குங்கள், எதையும் கொட்ட வேண்டி வராது.

கால்வே_நர்ஸ்

உதவி அண்ணா, சின்னப் புட்டி யோசனைக்கு நன்றி, அன்றைக்கே தெரிந்திருக்கலாம். பொடியன் தம்பி, உங்கள் அண்ணாவுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன், அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகிறேன்.

இதெல்லாம் எழுதிவிட்டு நேற்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு அப்படிச் சொன்னதற்கு மன்னிச்சிடுங்கம்மா என்றேன். நான் என்ன சொன்னேன் என்பதே அவர்களுக்கு நினைவில்லை. "அந்தப் பாட்டிக்கு முட்டி வலி சரியாப் போச்சா?" என்று கேட்டார்கள்.

அந்தப் பாட்டிக்கு முட்டி வலி என்பதே எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது.