அனுமதி கேட்காமல் எடுத்தாளப்பட்ட நம் புகைப்படங்கள்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

தஞ்சாவூர் உறுப்பினர்:

என் வளைகாப்புப் படம் ஒரு கருத்தரிப்பு மையத்தின் விளம்பரமாகியது. படமெடுத்த ஸ்டூடியோ அதைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்தது, அங்கிருந்து எடுத்திருக்கிறார்கள். இந்த வழி இங்கே பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் அதை விரித்துச் சொல்லவில்லை. என் மனத்தை விட்டு அகலாதது வேறொன்று. என் மாமியார் தம் வாட்ஸ்அப்பில் வந்த அந்த விளம்பர அட்டையை என்னிடம் நீட்டி, "எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அட்டையில் நான் இரு கன்னங்களிலும் சந்தனத்தோடு, கை நிறைய கண்ணாடி வளையல்களோடு சிரித்துக்கொண்டிருந்தேன். நலங்கு வைத்துக்கொண்டிருந்த என் அம்மாவைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள், ஆனால் என் கன்னத்தைத் தொட்டிருந்த அவருடைய இரண்டு விரல்கள் மட்டும் ஓரத்தில் மிச்சமிருந்தன. என் தலைக்கு மேல் "எட்டாண்டுத் தவம் பலித்தது" என்று பெரிய எழுத்தில் இருந்தது.

சிகிச்சை எடுத்துக்கொள்வதில் எந்த இழிவும் இல்லை. என் தோழிகள் சிலர் அப்படித்தான் தாயானார்கள், அவர்களை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். ஆனால் எனக்கு நேராத ஒரு கதையை என் முகத்தை வைத்து ஊருக்குச் சொல்ல இவர்கள் யார்? இல்லை என்று நான் மறுத்தால், மறைக்கிறேன் என்றே உறவினர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மையத்தைக் கேட்டபோது, விளம்பரம் தயாரித்தவர் இணையத்தில் கிடைத்த படத்தைப் போட்டுவிட்டார் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

மதுரை உறுப்பினர்:

நான் புகைப்படத் தொழிலில் இருப்பவன். சகோதரியின் வேதனை எனக்குப் புரிகிறது, ஆயினும் ஸ்டூடியோவையும் அந்த மையத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. எடுத்த படங்களைக் காட்டாமல் எங்களுக்கு அடுத்த வேலை வராது. எடுத்தவனுக்குத்தான் படம் சொந்தம் என்பதும் தொழிலில் எல்லோரும் அறிந்தது.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. சித்திரைத் திருவிழாவில், அழகர் வைகையில் இறங்கிய காலையில், நெற்றி நிறைய திருமண்ணோடு கைகூப்பி நின்ற ஒரு பாட்டியைப் படமெடுத்துப் பகிர்ந்திருந்தேன். மூலையில் இருந்த என் பெயரை வெட்டியெடுத்துவிட்டு, ஒரு மூட்டுவலித் தைலத்தின் விளம்பரத்தில் அதைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டியின் மகன் எப்படியோ விசாரித்து என் கடைக்கு வந்து, கைபேசியைக் கல்லாவின் மீது வைத்து, "எங்கள் அம்மாவை எவ்வளவுக்கு விற்றீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பாமலேயே படியிறங்கிப் போனார்.

புதுக்கோட்டை உறுப்பினர்:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த என் படத்தை வைத்து யாரோ முகநூலில் ஒரு போலிக் கணக்கைத் தொடங்கி, மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று என் பழைய மாணவர்கள் பலருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். திருப்பூரில் தையல் கூலிக்கு வேலை பார்க்கும் ஒரு மாணவன் ஜிபேயில் ஐயாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டு, அன்று இரவு என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, இப்போது வலி குறைந்திருக்கிறதா?" என்று கேட்டான். உண்மையைச் சொன்னதும் அவன் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க நான் முயன்றபோது அவன் வாங்க மறுத்துவிட்டான்.

கோயம்புத்தூர் உறுப்பினர்:

மதுரை நண்பர் சொன்ன சட்டம் பாதிதான் சரி. திருவிழாவில் தாமாக எடுத்த படத்துக்கு அவர் பதிப்புரிமையாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, அவரிடம் பணம் பெற்று எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே வளைகாப்புப் படத்தைப் பக்கத்தில் போடுவதற்கு ஸ்டூடியோ அனுமதி கேட்டிருக்க வேண்டும். தொழிலில் எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

இன்னொன்றையும் சகோதரி அறிந்திருக்க வேண்டும். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று எடுத்துக்காட்டாகவே சொல்கிறது. படம் யாருக்குச் சொந்தமானாலும் முகம் உங்களுடையது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தம்பி ஒரு கடன் செயலியில் சிறு தொகை வாங்கியிருந்தான். தவணை தவறியதும் அவனுடைய கைபேசியிலிருந்து எடுத்த எங்கள் அண்ணியின் படத்தை ஆபாசமாக உருமாற்றி, தொடர்பு எண்கள் அனைத்துக்கும் அனுப்பினார்கள். அண்ணி அன்று மாலை வரை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. டிஜிட்டல் கடன் செயலிகள் கைபேசியின் கோப்புகளையும் தொடர்புப் பட்டியலையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. ஆனால் அனுமதியில்லாச் செயலிகள் எந்த நெறிமுறையையும் மதிப்பதில்லை.

யாரும் என்னிடம் கேட்கவில்லை என்றாலும், அந்த அனுபவத்தில் கற்றதை எழுதுகிறேன். பதற்றத்தில் முதலில் அந்தக் கணக்கைத் தடுத்துவிடாதீர்கள், தடுத்துவிட்டால் சான்று எடுப்பது கடினமாகிவிடும். தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடுவார்கள் என்பதால், பதிவின் முழு லிங்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஆள்மாறாட்டம், நிர்வாணப் படம், உருமாற்றிய படம் ஆகியவை குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் அளித்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் தளங்களைக் கட்டாயப்படுத்தின. அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதியபோதுதான் எங்களுக்குப் பதில் வந்தது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

அந்தரங்கப் படம் பரவிவிடும் என்று மிரட்டப்படுகிறவர்கள் ஸ்டாப் என்சிஐஐ என்ற தளத்தைப் பாருங்கள். உங்கள் படம் உங்கள் கைபேசியை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து உருவாகும் ஓர் அடையாளக் குறியீடு மட்டுமே, அதில் இணைந்துள்ள நிறுவனங்களுக்குச் செல்லும். அதே படத்தை யாரேனும் அங்கே ஏற்றினால் அந்தக் குறியீட்டைக் கொண்டு கண்டுபிடித்து நீக்குவார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற தளம் இருக்கிறது. எக்காரணம் கொண்டும் மிரட்டுபவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த தொகையைக் கேட்பார்கள்.

ஆசிரியர் ஐயா, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பணம் போனவுடன் இணையப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்திருந்தால், அது அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பிருந்தது. இனி யாருக்கேனும் நேர்ந்தால் அன்றிரவே அழைக்கச் சொல்லுங்கள்.

புதுக்கோட்டை உறுப்பினர்:

நன்றி அம்மா. அந்த மாணவனையே புகார் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். என்னைக் காவல் நிலையத்துக்கு அலைய வைக்கக் கூடாது என்று தயங்குகிறான். நானும் உடன் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

தஞ்சாவூர் உறுப்பினர்:

மதுரை அண்ணா, உங்கள் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்தப் பாட்டியின் மகன் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன், பணம் வாங்கினீர்களா இல்லையா என்பது அதற்குப் பதில் ஆகாது. என் படத்தை ஸ்டூடியோ பொதுவில் வைத்திராவிட்டால் அது அந்த மையத்தின் கைக்குப் போயிருக்காது. மையம் தன் பக்கத்திலிருந்து விளம்பரத்தை எடுத்துவிட்டது, ஆனால் உறவினர் குழுக்களில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோவை அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். வளைகாப்புக்குப் படமெடுக்க முன்பணம் கொடுத்தது என் தம்பி. அப்படியானால் நோட்டீஸ் யார் பெயரில் போக வேண்டும்?

கோயம்புத்தூர் உறுப்பினர்:

இரண்டு பேர் பெயரிலும் போகட்டும். பதிப்புரிமைக்காக உங்கள் தம்பி, உங்கள் முகத்துக்காக நீங்கள். முன்பணம் கொடுத்த ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள், வழக்கறிஞர் முதலில் அதைத்தான் கேட்பார். படத்தை நீக்குவதோடு விடாமல், அது உண்மைக் கதை அல்ல என்று அந்த மையம் தன் பக்கத்திலேயே எழுதி வெளியிட வேண்டும் என்றும் நோட்டீஸில் கேளுங்கள். உங்கள் மாமியாரின் கைபேசிக்கு அனுப்ப உங்களுக்கு அதுதான் தேவை.