கலைச்சொல்: டெட் டைம் = விடுபிடி நேரம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

இன்வெர்ட்டரில் ஒரு சுவிட்சை அணைத்த பிறகு அதன் இணைச் சுவிட்சைப் போடும் முன் விடும் சிறு இடைநேரம்தான் டெட் டைம். அதற்குச் ‘செயலற்ற நேரம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஈரோட்டு அண்ணா எழுதியிருந்தார். அண்ணா, இந்த ஒரு சொல்லில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. காரணம் என் ஆய்வகத்தில் நடந்த ஒன்று.

கோவையில் எம்.இ. மாணவர்களுக்குப் பவர் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கிறேன். தமிழில் நான் எழுதிக் கொடுத்த குறிப்பிலும் ‘செயலற்ற நேரம்’ என்றுதான் இருந்தது. போன பருவத்தில் ஒரு மாணவி அதைப் படித்துவிட்டு, செயலற்றது என்றால் வீண்தானே, குறைத்தால் நல்லதுதானே என்று 2 மைக்ரோ நொடியை 0.2 ஆக்கிவிட்டாள். இன்வெர்ட்டருக்கு மின்சாரம் வரும் டிசி பஸ்ஸில் 200 வோல்ட். பட்டென்று ஒரு சத்தம், மாட்யூலின் மேல்மூடியில் குறுக்கே ஒரு விரிசல், அறை முழுக்கக் கருகல் நெடி. யாருக்கும் காயமில்லை. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சொல் சொன்னதைத்தான் அவள் செய்தாள்.

அந்த 2 மைக்ரோ நொடியில் என்ன நடக்கிறது? டிசியை ஏசி ஆக்கி மோட்டாருக்குக் கொடுக்கும் இன்வெர்ட்டரில், பஸ்ஸின் இரு முனைகளுக்கும் நடுவே நிற்கும் ஒவ்வொரு லெக்கிலும் மேலே ஒரு ஐஜிபிடி என்ற மின்னணு சுவிட்ச், கீழே ஒன்று. மேலதை அணைக்கச் சொன்னதும் அது அணைந்துவிடாது. மின்னோட்டம் வால் மாதிரி இழுத்துக்கொண்டு வந்துதான் நிற்கும். அதற்குள் கீழதைத் திறந்தால், அதாவது மின்னோட்டம் போக விட்டால், பஸ்ஸின் நேர்முனையும் எதிர்முனையும் நேராகச் சேர்ந்துவிடும். அதனால் மேலது முழுதாக விட்ட பிறகே கீழது பிடிக்க வேண்டும். ஆனால் மோட்டார் சுருளில் ஓடும் மின்னோட்டம் யாருக்காகவும் நிற்காது. இந்த இடைநேரத்தில் அது ஐஜிபிடிக்கு இணையாக உள்ள டயோடு வழியே போகும். எந்த டயோடு என்பதை மின்னோட்டத்தின் திசைதான் தீர்மானிக்கும். கட்டுப்பாட்டு நிரல் அல்ல. நம் கையை விட்டு மின்னோட்டத்தின் கைக்குப் போன நேரம் இது. செயலற்ற நேரம் என்று எப்படிச் சொல்வது?

அதற்கு விலையும் உண்டு. 415 வோல்ட் மும்முனை இணைப்பிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய 560 வோல்ட் வரும். டெட் டைம் 2 மைக்ரோ நொடி, சுவிட்சுகள் மாறும் வேகம் 10 கிலோ ஹெர்ட்ஸ் என்று வைத்து மூன்றையும் பெருக்கினால் 11 வோல்ட் பிழை, எப்போதும் மின்னோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக. முழு வேகத்தில் இது தெரியாது. மோட்டாரை 5 ஹெர்ட்ஸில் ஓட்டும்போது ஒரு ஃபேசுக்குத் தேவையே 24 வோல்ட் அளவுதான். அதில் 11 போனால் மின்னோட்ட அலை சுழியைத் தாண்டுமிடத்தில் தட்டையாகும். மோட்டார் திக்கித் திக்கிச் சுற்றும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதே பருவத்தில் கட்டுப்பாட்டியல் பாடத்திலும் ஒரு டெட் டைம் வருகிறது. அது வேறு: உள்ளீடு கொடுத்து வெளியீடு அசையும் வரை ஆகும் சுணக்கம். டிஜிட்டல் கட்டுப்பாட்டில் அளந்து, கணக்குப் போட்டு, சுவிட்சுகளுக்குப் போகும் பல்ஸை மாற்றுவதற்குள் சுவிட்ச் மாறும் ஒன்றரைச் சுற்று போய்விடும். 10 கிலோ ஹெர்ட்ஸில் அது 150 மைக்ரோ நொடி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்க வேண்டும்? அதைச் ‘சுணக்க நேரம்’ என்று பிரித்துவிடுவோம்.

இன்வெர்ட்டரின் டெட் டைமுக்கு என் பரிந்துரை: விடுபிடி நேரம். 2012 மின்வெட்டுக் காலத்தில் பல்லடம் பக்கம் எங்கள் சித்தப்பாவின் தறிக்கூடத்தில் நாளெல்லாம் சேஞ்ச்ஓவர் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஈபியிலிருந்து நடுவில் ஒரு ‘டக்’, அங்கிருந்து ஜெனரேட்டருக்கு இன்னொரு ‘டக்’. நடுவில் நிற்காமல் போக வழியே கிடையாது. ஈபியை விட்டுத்தான் ஜெனரேட்டரைப் பிடிக்க முடியும். ஐஜிபிடி செய்வதும் அதேதான். ‘விடுபிடிப் பிழை’, அதைச் சரிக்கட்டுவதற்கு ‘விடுபிடி ஈடு’ என்று அடுத்த சொற்களும் தாமாக வந்துவிடும்.

சேலத்துத் தங்கை சொன்ன ‘இடைவெளி நேரம்’ எளிமையானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல்ஸுக்குப் பல்ஸ் இடைவெளிதான். எந்த இடைவெளி என்று கேட்பார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. கரண்ட் சோர்ஸ் இன்வெர்ட்டர் என்று இன்னொரு வகை. அதில் டிசி பக்கம் பெரிய சுருள் இருப்பதாலும் அதன் மின்னோட்டம் நிற்கக் கூடாது என்பதாலும் புதியதைத் திறந்த பிறகே பழையதை அணைக்க வேண்டும். இல்லையென்றால் வோல்டேஜ் எகிறிவிடும். தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது அடுத்த கேட் வால்வைத் திறந்துவிட்டுத்தான் இதை மூடுவோம். இரண்டும் மூடியிருந்தால் பைப் இணைப்பு பிடுங்கிக்கொள்ளும். இதை ‘உடன்பிடி நேரம்’ எனலாமா?

———

அம்மணி, மில்லில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பார்க்கிறவன் என்பதால் ‘செயலற்ற’ என்பதை விட்டுத்தர மனமில்லாமல் இருந்தேன்; எங்கள் ஆள்களுக்கு அது பழகிவிட்டது. 5 ஹெர்ட்ஸில் மோட்டார் திக்குவதை நானே பார்த்திருக்கிறேன், அதனால் இனி மறுப்பில்லை. விடுபிடி, எடுபிடி, கெடுபிடி என்று காதுக்கும் பழகியதாகத்தான் இருக்கிறது.

உடன்பிடி மட்டும் வேண்டாம். ‘உடனே பிடி’ என்றுதான் எவனும் படிப்பான். அதுவும் ஆபத்துதான். முன்னது விடு-பிடி என்றால் பின்னது பிடி-விடு. முதலில் பிடி, அப்புறம் விடு. ‘பிடிவிடு நேரம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். எது முதல், எது பின்னே என்று சொல்லிலேயே இருக்கிறது.

———

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, பிடிவிடு நேரமே இருக்கட்டும். ‘பிடியை விடு’ என்று யாராவது படிக்கலாம். ஆனால் விடுபிடிக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த மயக்கம் வராது. அதனால் குறிப்பில் இரண்டையும் ஒரே பக்கத்தில், இரண்டு பல்ஸ் படங்களுக்குக் கீழே அச்சிடப் போகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். மேல், கீழ் ஐஜிபிடிகள் இரண்டும் ஒன்றாகத் திறந்துகொள்வதற்கு இன்னும் சொல் இல்லை. ‘ஊடுபாய்வு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே அது முழுதாகப் பிடிக்கவில்லை.