'லாங்குவேஜ் ஐசொலேட்': தமிழில் எப்படிச் சொல்வது?

கோ.:
இளங்கலை மொழியியல் பாடத்தில் பாஸ்க் மொழி (ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் பேசப்படுவது) பற்றிய பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உறவுமொழி எதுவும் அறியப்படாத மொழி என்பதால் ஆங்கிலத்தில் அதை 'லாங்குவேஜ் ஐசொலேட்' என்கிறார்கள். அதற்கு வரைவில் 'தனிநிலை மொழி' என்று இருக்கிறது. சொற்கள் விகுதி ஏற்காமல் தனித்தனியே நிற்கும் சீனம் போன்ற 'ஐசொலேட்டிங்' வகைக்கு வழங்கும் சொல் அது. பாஸ்க்கோ சொல்லோடு விகுதிகள் ஒட்டிவரும் ஒட்டுநிலை மொழி: மெந்தி என்றால் மலை, மெந்தித்திக் என்றால் மலையிலிருந்து. மாணவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். மாற்று வேண்டும்.

மீ.:
தனிமொழி. எல்லாருக்கும் புரியும்.

ந.:
புரியும், தவறாக. தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று படித்தவருக்கு அது ஒற்றைச் சொல். சங்கப் பாடல்களில் துணையற்றவர் தமியர், ஆகவே 'தமிமொழி'. 'தம்' அடியாகப் பிறந்த சொல். 'தமிழ்' என்ற பெயரையே அங்கிருந்து விளக்கலாம். 'தாம்', 'தான்', 'தனி' மூன்றும்...

சு.:
ஐயா, அங்கேயே நிறுத்திக்கொள்வோம். தமிமொழியை மெய்ப்புப் பார்ப்பவர் 'தமிழ்மொழி' என்று திருத்திவிடுவார். தமிழுக்கு உறவுமொழியே இல்லை என்று பாடநூல் அச்சாகும். 'கிளையிலா மொழி' எப்படி? கிளை என்றால் சுற்றம்.

கோ.:
கிளைமொழி வட்டார வழக்கைக் குறிக்கிறதே. பாஸ்க்குக்குக் கிளைமொழிகள் பல.

மீ.:
அப்படியானால் 'உறவிலி மொழி'.

சு.:
'இலி' மிகை. ரோமர் காலத்தில் தென்மேற்குப் பிரான்ஸில் வழங்கிய அக்குவிட்டானிய மொழியின் பெயர்கள் கல்வெட்டுகளில் உள்ளன; அவற்றில் நெஸ்காத்தோ, அந்தேரே, கிசோன் என்ற பெயர்கள் வருகின்றன. இன்றைய பாஸ்க்கில் அவை சிறுமி, பெருமாட்டி, ஆண். அக்குவிட்டானியம் பாஸ்க்கின் தாயோ நெருங்கிய உறவோதான். உயிரோடிருக்கும் உறவு தெரியவில்லை, அவ்வளவே. 'உறவறியா மொழி' என்போம்.

ந.:
தமிழோடே உறவு காட்டினார்களே! லகோவாரி என்ற ஆய்வாளர் 1963இல் எழுதவில்லையா?

சு.:
எழுதினார், ஏற்கப்படவில்லை. துருக்கியும் ஒட்டுநிலைதான். வகை ஒத்தால் உறவாகாது, ஒலிகள் ஒழுங்காக ஒத்துவர வேண்டும்.

கோ.:
இன்னொரு சிக்கல். மூலத்தில் 'ஜெனடிக்' இரு பொருளில் வருகிறது. மொழிகளுக்கு வரும்போது 'மரபணு உறவு' என்று வரைவு சொல்கிறது.

சு.:
அங்கே 'குடும்ப உறவு' என்று மாற்றுங்கள். மரபணு மக்களுக்கு மட்டும். ஐபீரியத் தீபகற்பம் (ஸ்பெயின், போர்ச்சுகல்) பற்றிய 2019 மரபணு ஆய்வின்படி, கி.மு. 2000 அளவில் அங்கிருந்தோரின் மரபணு வழியில் சுமார் 40 விழுக்காடு, யூரேசியப் புல்வெளிகளிலிருந்து வந்தோரின் வழியினருடையதாக மாறியது. தந்தைவழி வரும் ஒய் குரோமோசோம் ஏறக்குறைய முழுவதும் மாறியது. அந்தக் கலப்பு பாஸ்க்கியரிடமும் உண்டு. ஆனாலும் இந்தோ-ஐரோப்பிய மொழி அங்கே வேரூன்றவில்லை. அவர்கள் இரும்புக்கால ஐபீரியரை ஒத்தவர்கள். பின்னால் வந்த ரோமர் கால, வட ஆப்பிரிக்கக் கலப்பு அவர்களிடம் குறைவு. எனவே வரைவில் பாஸ்க்கியரைக் 'கற்கால மக்களின் எச்சம்' என்னும் வரியையும் நீக்குங்கள். மொழிக்கு ஒட்டிய 'தனி' மக்கள்மேலும் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்த அடையே வேண்டாம் என்கிறேன்.

மீ.:
சரி, உறவறியா மொழிக்கே என் வாக்கு. தூங்கப் போகிறேன்.

ந.:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். உறவை அறியாதது மொழியா, நாமா?

கோ.:
'ஓடாக் குதிரை'யில் ஓடாதது குதிரை, 'உண்ணாச் சோறு'ம் வழக்குத்தான், அங்கே உண்ணாதது சோறு அல்ல, நாம். 'உறவறியா மொழி' என்றே அனுப்புகிறேன், சொல்லடைவில் 'ஐசொலேட்' ஒலிபெயர்ப்புடன்.

ந.:
சொல்லடைவில் தமிமொழியையும் சேர்க்கலாம். 'மி'க்குப் பின் 'ழ்' சேர்க்க வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு.