டல்லூலா பள்ளத்தாக்கு: அணை திறந்திருக்கும்போது போய்ப் பாருங்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டல்லூலா கார்ஜ் மாநிலப் பூங்காவுக்குப் போகிறவர்கள், ஆற்றுப் படுகை வரை இறங்கும் அனுமதிச் சீட்டுக்காக விடிந்ததும் விடியாததுமாக ஓடுவார்கள். ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால், ஒருமுறையாவது அந்தச் சீட்டே கொடுக்காத நாளில் போக வேண்டும். அதாவது, அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் நாளில்.

மற்ற நாட்களில் அங்கே ஓடுவது மெலிந்த ஓர் ஓடைதான். ஏறக்குறைய 1000 அடி ஆழத்துக்கு மலையை அறுத்தது இந்தத் தண்ணீரா என்று சந்தேகமே வரும். மின்சாரத்துக்காகக் கட்டிய அணை 1913-லிருந்து ஆற்றைச் சுரங்கம் வழியாக மின் நிலையத்துக்குத் திருப்பிவிடுகிறது. ஹெலன் டார்ட்ச் லாங்ஸ்ட்ரீட் என்ற பெண்மணி அணை கூடாது என்று விடாமல் போராடித் தோற்றார். அவர் எதற்காக அப்படிப் போராடினார் என்பது நவம்பரில் அங்கே போய் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பாலம் கண்ணில் படுவதற்கு முன்பே இரைச்சல் வந்துவிட்டது. 300-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கித் தொங்குபாலத்துக்குப் போனோம். ஆற்றுக்கு 80 அடி மேலே நிற்கிறோம், பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அதே படிகளில் கயாக் படகைத் தோளில் சுமந்துகொண்டு ஆட்கள் வரிசையாக இறங்கினார்கள். வழிவிட்டு ஒதுங்கியபோது, நரைத்த தாடிக்காரர் ஒருவர் படகை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். பயமாக இல்லையா என்று கேட்டேன். “ஓஷியானாவைத் தாண்டும் வரைக்கும் பயம்தான்” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

ஓஷியானா என்பது சரிந்து விழும் பெரிய அருவி. அப்புறம் மேலே ஏறி, விளிம்புப் பாதையிலிருந்து பார்த்தோம். சரிவின் நடுவில் தண்ணீர் ஒரு பாறையில் மோதி விசிறியாக எழும்புகிறது. அதை ஒட்டி வருகிற படகு ஒரு நொடி வெள்ளை நுரைக்குள் காணாமல் போய், கீழே போய்த்தான் தலைகாட்டுகிறது. ஒவ்வொரு படகு வெளியே வரும்போதும் மேலே இருந்த கூட்டம் மொத்தமும் கைதட்டியது. நாங்களும்தான்.

ஏப்ரல், நவம்பர் மாதங்களின் தொடக்க வார இறுதிகளில் இப்படித் திறக்கிறார்கள். தேதியை முன்கூட்டியே பூங்காவில் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைப் படிகளில் இறக்க வேண்டாம். விளிம்புப் பாதையிலிருந்தே நன்றாகத் தெரியும். வண்டி நிறுத்த இடம் சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.