எத்தனை வருடம் சும்மா இருந்தால் ஓர் எரிமலை 'தணிந்தது' ஆகும்?

வினாடிவினா:
நண்பர்களே, ஒரு வினாடி வினாவுக்குக் கேள்விகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். எரிமலைகளில் செயல்படுவது, உறங்குவது, தணிந்தது என மூன்று வகை என்று படித்திருக்கிறோம். சரி, எந்த வகைக்கு எத்தனை வருட அமைதி என்று தேடப் போனால் தலை சுற்றுகிறது. ஹவாயின் மௌனா கியா ஒரு பட்டியலில் செயல்படும் மலை, இன்னொன்றில் உறங்கும் மலை. அது கடைசியாக வெடித்தது சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு என்பதில் மட்டும் இரண்டுக்கும் சண்டை இல்லை. விடைத்தாளில் எதை எழுதுவது? உறங்குவது எப்போது தணிந்ததாகிறது என்பதற்கு எண் ஏதாவது உண்டா?

மணல்மேடு:
எண் வேண்டுமென்றால் தோராயமாக 10,000 ஆண்டு. கடைசிப் பனியுகத்துக்குப் பிறகான ஹோலோசீன் காலம், அதாவது சுமார் 11,700 ஆண்டு, அதற்குள் வெடித்திருந்தால் உயிருள்ள மலை என்பது பரவலான வழக்கம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைப் பட்டியலும் ஹோலோசீனைத்தான் முக்கிய எல்லையாக வைத்திருக்கிறது.

பாறைக்கிறுக்கன்:
மணல்மேடு சொன்னது பட்டியல் போடுபவர்களுக்குச் சரி. மலைக்கு அது தெரியாதே! எனக்கு இந்த மூன்று பெட்டிகள் மேல் பழைய கோபம் உண்டு, அதனால் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியின் வெசுவியஸ் கடைசியாக வெடித்தது 1944இல். மெக்சிகோவின் பாரிகுட்டின் 1943இல் ஒரு சோளக் காட்டில் திடீரென முளைத்து, 1952இல் நின்றது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலமாக அமைதியாக இருக்கின்றன. ஆனால் வெசுவியஸ் தணிந்துவிட்டது என்று எந்த நிலவியலாளரும் சொல்ல மாட்டார். பாரிகுட்டின் முடிந்த கதை. அது ஒரே ஒரு முறை இயங்கி ஓயும் வகைக் கூம்பு. குழம்பு ஏறி வந்த வழி உறைந்து அடைத்துக்கொண்டது. அடுத்த முறை குழம்பு வந்தால் வேறோர் இடத்தைப் பிளந்து புதுக் கூம்பு கட்டும். அந்த வட்டாரத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாய்கள் உள்ளன. ஆக, செத்தது கூம்புதான், வட்டாரம் இல்லை.

அதனால் வருடத்தை எண்ணுவதைவிட, கீழே இருந்து குழம்பு வரத்து இருக்கிறதா என்று கேட்பதுதான் முறை.

உறங்கும் மலைக்குள் சிவப்புக் குழம்பு ஏரிபோலத் தளும்புவதாகப் படம் போடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. மாக்மா, அதாவது நிலத்தடிக் குழம்பு, ஆற ஆற அதில் படிகங்கள் வளரும். ஏறத்தாழப் பாதி படிகமாகிவிட்டால் ஈர மணல் மாதிரி இறுகிவிடும், பிறகு எளிதில் நகராது. அந்த நிலையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூடக் கிடக்கும். அப்புறம் ஆழத்திலிருந்து புதிதாக, அதைவிடச் சூடான பசால்ட் குழம்பு வந்து முட்டினால், வெப்பமும் வாயுவும் ஏறி இறுகியது இளகத் தொடங்கும். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவில் நடந்தது இதுதான். சுமார் 500 ஆண்டு சத்தமே இல்லை. 1991 மார்ச்சில் நில நடுக்கங்கள், ஏப்ரல் 2இல் நீராவி வெடிப்புகள், ஜூன் 15இல் பெருவெடிப்பு. விழித்தெழ மூன்று மாதம் போதுமாக இருந்தது.

நிஜமாகச் சாவது வரத்து அறும்போது. ஹவாயில் பசிபிக் தட்டு வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வடமேற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது, அடியில் உள்ள வெப்பப்புள்ளி, அதாவது ஆழத்திலிருந்து சூடு ஏறி வந்து குழம்பு உண்டாகும் இடம், அதோடு போவதில்லை. அந்தப் புள்ளிக்கு மேலே இருக்கும் கிலாவேயா இன்றும் கொட்டுகிறது. அதை விட்டு விலகிப்போன கோஹாலா சுமார் 1,20,000 ஆண்டுகளாக வாய் திறக்கவில்லை, அதைத் தணிந்தது எனலாம். அதிலும் ஒரு விதிவிலக்கு: ஓவாஹு தீவின் பழைய மலை பல லட்சம் ஆண்டு ஓய்ந்த பிறகு மீண்டும் ஒரு சுற்று வெடித்தது. பெயர்பெற்ற டைமண்ட் ஹெட் கூம்பு அப்படி வந்ததுதான்.

மௌனா கியாவுக்கு 'செயல்படும்' என்றே எழுதுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கணக்கும் அதுவே.

கடல்காகம்:
பட்டியலை நம்பினாலும் சிக்கல்தான். சிலியின் சைட்டென் 2008 மே மாதம் வெடித்தபோது, அது 9,000 ஆண்டுகளுக்கு மேல் தூங்கியதாகத்தான் கருதப்பட்டது. பிறகு சாம்பல் படிவுகளைத் தோண்டிப் பார்த்தால் 17ஆம் நூற்றாண்டு வாக்கிலும் வெடித்திருக்கிறது. மலை தூங்கவில்லை, நாம்தான் போதுமான அளவு தோண்டவில்லை.

ஜப்பானில் ஒன்டாகேயைச் செத்த மலை என்றே நினைத்திருந்தார்கள், 1979இல் வெடித்தது. அதன் பிறகு இந்த உறங்கும், தணிந்த என்கிற பெயர்களையே அங்கே கைவிட்டுவிட்டார்கள். இப்போது கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் வெடித்திருக்க வேண்டும், அல்லது வாயுத் துளைகள் மும்முரமாகப் புகைய வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் செயல்படும் மலை, அவ்வளவுதான். அதே ஒன்டாகே 2014 செப்டம்பரில் மலையேறிகள் மேலே இருக்கும்போதே வெடித்து 63 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள்.

வினாடிவினா:
அப்படியானால் லட்சக்கணக்கான ஆண்டு அமைதியாக இருப்பதையும் நம்ப முடியாதா?

பாறைக்கிறுக்கன்:
பொலிவியாவின் உதுருங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வெடித்து சுமார் 2,50,000 ஆண்டு ஆகிறது. ஆனால் செயற்கைக்கோள் ரேடார் அளவீடுகளில் 1990களிலிருந்தே அதன் நடுப்பகுதி வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயர்வதும், சுற்றிலும் தரை இறங்குவதும் தெரிந்தது. அதற்கு நேர் கீழே, பல கிலோமீட்டர் ஆழத்தில், பாதி உருகிய பாறை மிகப் பரந்து கிடக்கிறது. நடுக்கங்களையும் பாறையையும் வைத்து 2025இல் வந்த ஓர் ஆய்வின்படி, நீரும் வாயுவும் விரிசல்கள் வழியாக மேலேறுவதால்தான் இந்தச் சலனம், குழம்பு கிளம்பவில்லை. வெடிக்கப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் மூன்றாவது பெட்டியில் அதைப் போட வேண்டாம்.