புதுப்பிப்பு: ‘1984’ஐப் படித்து முடித்துவிட்டேன்

போன வாரம், ஒரு சர்வாதிகாரக் கட்சியின் ஆட்சியைப் பற்றிய ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை இரண்டாம் பாகத்தோடு மூடி வைத்துவிட்டேன், இருட்டு தாங்கவில்லை என்று எழுதியிருந்தேன். “பின்னிணைப்பு வரை போங்கள்” என்று ஒருவர் பதில் சொல்லியிருந்தார். போனேன்.

மூன்றாம் பாகம் நான் பயந்ததைவிட மோசம். சித்திரவதையைக்கூடக் கடந்துவிடலாம், காதலர்களான வின்ஸ்டனும் ஜூலியாவும் மீண்டும் சந்தித்து, ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததைச் சாதாரணமாக ஒப்புக்கொள்ளும் அந்தப் பக்கங்களைத்தான் கடக்க முடியவில்லை. இரண்டு நாள் வேறெதையும் படிக்கவில்லை.

பிறகு பின்னிணைப்பு. மக்களின் சிந்தனையைக் குறுக்கக் கட்சி உருவாக்கும் நியூஸ்பீக் மொழியின் இலக்கணம்தானே என்று அலுப்போடு திறந்தேன். அது முழுக்க இறந்தகாலத்தில் இருக்கிறது! நியூஸ்பீக், கதை நடக்கும் கற்பனை நாடான ஓஷியானியாவின் அதிகாரபூர்வ மொழியாக ‘இருந்தது’. 2050க்குள் பழைய ஆங்கிலத்தை ஒழிக்கத் திட்டமிட்டிருந்தார்கள் என்ற விவரமும் அந்தப் பழைய ஆங்கிலத்திலேயேதான் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் கட்சி வீழ்ந்துவிட்டதா? நாவல் நேரடியாகச் சொல்வதில்லை. நான் அப்படித்தான் வாசிக்கிறேன், ஆறுதலுக்காகவே என்றாலும்.

அமெரிக்கப் புத்தக மன்றம் ஒன்று இந்தப் பகுதியை நீக்கச் சொன்னபோது ஆர்வெல் மறுத்துவிட்டாராம். முதல் அத்தியாயத்தின் அடிக்குறிப்பே இந்தப் பின்னிணைப்பைத்தான் சுட்டுகிறது. நான்தான் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன்.